கல்லூரியில் ஒரு வானொலி

மலைநாட்டில் குடியேறி வாழ்பவனுக்கு அரிசியும் துணியும் விலை கொடுத்தால் வீடு தேடி வந்துவிடும். வேண்டிய செய்தி, வேண்டிய நேரத்தில், வேண்டிய மொழியில் வந்து சேருவதுதான் அரிது. சக்குபள்ளத்திலும் அதைச் சூழ்ந்த ஆனக்கரை, வண்டன்மேடு, குமுளிப் பகுதிகளிலும் ஏலத்தோட்டங்களை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நம் தமிழ்க் குடும்பங்கள் இதனை நன்கறியும். அலுவலகச் சுவரில் ஒட்டப்படும் அறிவிப்பு, நம் பெரியவர்கள் பலருக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் தொலைக்காட்சியோ சென்னையில் பெய்யும் மழையைச் சொல்கிறது. நம் தலைமேல் பெய்யும் மழையைச் சொல்வாரில்லை. இந்தக் குறையை ஓரளவு போக்கவல்ல சிறிய சாதனம் ஒன்றைப் பற்றியே இம்மாதம் அன்பர்களுடன் பேச விரும்புகிறேன். அதுதான் கல்லூரி வானொலி.

பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்தவன், கல்லூரி விஷயத்தைப் பற்றி எழுதலாமா என்று சிலர் புன்னகை செய்யக்கூடும். நான் கல்லூரியில் படித்ததில்லை என்பது உண்மையே. ஆனால் நம் பிள்ளைகள் இன்று படிக்கிறார்கள். சிலர் நெடுங்கண்டத்துக்கும் கட்டப்பனைக்கும் போகிறார்கள். சிலர் மலையிறங்கிக் கம்பத்துக்கும், 1956-ஆம் ஆண்டிலிருந்து கல்வி ஒளி பரப்பிவரும் உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரிக்கும் போகிறார்கள். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோருக்கு, அக்கல்லூரி ஊருக்கு என்ன செய்கிறது என்று கேட்கும் உரிமையும் உண்டு. மேலும், ஒலிபெருக்கியின் முன் அமர்ந்து பேசும் வேலையின் நன்மை தீமைகளை ரயில் நிலையத்தில் நாள்தோறும் காண்பவன் என்ற முறையில் எனக்கும் சொல்வதற்குச் சில செய்திகள் உண்டு.

பழைய கதை

நம் நாட்டில் வானொலி தோன்றியதே சர்க்காரால் அன்று. ஆர்வம் மிக்க சிலரால்தான். 1924-ஆம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்பவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'சென்னை மாகாண வானொலிக் கழகம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் அதன் ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. முதலில் 40 வாட், பின்னர் 200 வாட் சக்தி கொண்ட கருவியால் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பினர். மூன்றாண்டுகளுக்குப் பின், 1927-இல், பணமின்மையால் கழகம் மூடப்பட்டது. கருவியைச் சென்னை நகராண்மைக் கழகம் பெற்றுக்கொண்டு 1930 முதல் ஒலிபரப்பை நடத்தியது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அடுத்த ஆண்டு திருச்சி நிலையமும் தோன்றின. ஆர்வம் இருந்தும் பொருள் இல்லாவிடில் குரல் நின்றுபோகும் என்ற பாடம், நம் வானொலி வரலாற்றின் முதல் ஏட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

மேனாட்டில் மாணவர்களே நடத்திய வானொலிக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகம். 1936-ஆம் ஆண்டு அங்கே மாணவர் இருவர் விடுதி அறைகளுக்கிடையே கம்பி இழுத்து, அறைக்கு அறை பாட்டும் பேச்சும் கேட்கச் செய்தனர். விளையாட்டாகத் தொடங்கிய அந்த வேலை நாளடைவில் பல கல்லூரிகளுக்கும் பரவியது.

நம் நாட்டிலோ நெடுங்காலம் வானலை முழுவதும் சர்க்காரின் கையிலேயே இருந்தது. 1995-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2002-ஆம் ஆண்டு இறுதியில், கல்வி நிலையங்கள் சிறு வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு இசைந்தது. அதன் பயனாக 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 'அண்ணா எஃப்.எம்.' பிறந்தது. இந்தியாவிலேயே முதல் கல்வி வளாக வானொலி அதுவே என்பதில் தமிழர்களாகிய நாம் பெருமை கொள்ளலாம். 2006-ஆம் ஆண்டு நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியிலும் ஒரு நிலையம் எழுந்தது. 2008-இல் தெலுங்கு நாட்டு மாச்சனூரில் ஏழைத் தலித் பெண்கள் நடத்தும் 'சங்கம் ரேடியோ' பேசத் தொடங்கியது. 2024-ஆம் ஆண்டளவில் இத்தகைய சமுதாய வானொலிகள் நாடெங்கும் 480-க்கும் மேற்பட்டிருந்தன.

இவற்றுள் அண்ணா பல்கலைக்கழகமும் திருச்சிக் கல்லூரியும் செய்த நற்செயல் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். மாணவர்களுக்குப் பொழுதுபோக்காக மட்டும் நிலையத்தை வைத்துக்கொள்ளாமல், கல்லூரி மதிலுக்கு வெளியே குடிசைப் பகுதிகளில் வாழும் பெண்களையும் ஒலிவாங்கியின் முன் அமர்த்தினர். உடல்நலம், உணவு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றைப் பற்றி அப்பெண்களே தங்கள் பேச்சுமொழியில் பேசினர். கேட்பவரும் பேசுபவரும் ஒரே தெருவினர். வேறெந்த வானொலிக்கும் கிட்டாத பலம் இது.

மலையும் அலையும்

இனி நம் மலைக்கு வருவோம். நம் வீடுகளில் தமிழ் வானொலி என்றால் கொடைக்கானல் பண்பலை என்றே பொருள். 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் அந்நிலையம் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களைத் தாண்டி நம் ஏலமலைக் குடியிருப்புகளிலும் கேட்பதற்குக் காரணம், அது ஏழாயிரம் அடி உயரத்தில் நிற்பதே. பண்பலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்வது. எதிரே ஒரு குன்று நின்றால் அதைச் சுற்றிக்கொண்டு வர அதற்கு இயலாது. உயரத்தில் ஏற்றி வைத்த விளக்கைப் போலத்தான் அதுவும். விளக்குக்குத் தெரியும் இடமெல்லாம் வெளிச்சம். மறைவில் இருக்கும் பள்ளமெல்லாம் இருட்டு.

கல்லூரி வானொலிக்கு அரசு அனுமதிக்கும் சக்தியோ மிகச் சிறியது. வெளியாகும் சக்தி 100 வாட்டுக்கு மேற்படக் கூடாது. மிகத் தேவையான இடங்களில் மட்டும் 250 வாட் வரை கேட்டுப் பெறலாம். அலைக்கம்பத்தின் உயரம் 30 மீட்டருக்குள் அடங்க வேண்டும். சமவெளியில் இதைக்கொண்டு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை பேசலாம். நம் மலையிலோ, முகட்டில் கம்பம் நட்டால் அதைவிடத் தொலைவிலுள்ள மேடுகளுக்கும் கேட்கும். பள்ளத்தில் நட்டால் அடுத்த வளைவில் உள்ள லயத்துக்கும் கேட்காது. ஆகவே நம் மலைக்கல்லூரி எதுவாயினும் வானொலி தொடங்க நினைக்குமானால், கட்டிடம் இருக்கும் இடத்தைவிடக் கம்பம் நிற்கும் இடத்தைப் பற்றியே முதலில் ஆலோசிக்க வேண்டும். கையில் ஒரு சிறு ரேடியோப் பெட்டியுடன் தோட்டம் தோட்டமாக நடந்து, எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று வரைபடத்தில் குறிப்பது மாணவர்கள் செய்யவேண்டிய முதற் பணியாகும்.

'ஆளுக்கொரு கைப்பேசி இருக்கும் இக்காலத்தில் வானொலி எதற்கு?' என்று இளைஞர் கேட்பர். நியாயமான கேள்விதான். இதற்கு இரண்டு நிகழ்ச்சிகளை விடையாகச் சொல்வேன்.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த ராஜமலைப் பெட்டிமுடியில் மண் சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் போயின. இறந்தோரில் பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளுமே. மழையால் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றிருந்தமையால் இரவு நடந்த கொடுமை மறுநாட் காலையில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஒரு வானொலி இருந்திருந்தால் அவ்வுயிர்கள் பிழைத்திருக்கும் என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது மாண்டோரை வைத்து வாதாடுவதாகும். ஆனால், கோபுரம் செயலிழந்த இரவில் கைப்பேசி வெறும் கண்ணாடித் துண்டு என்பதை அந்த இரவு காட்டிவிட்டது. சிறு வானொலி நிலையத்தையோ மின்கல அடுக்கும் ஒரு சிறு ஜெனரேட்டரும் கொண்டு நடத்திவிடலாம். கேட்பவருக்கு இரண்டு பாட்டரிக் கட்டைகள் போதும்.

மற்றொன்று, 2011-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். முல்லைப்பெரியாற்று அணை பற்றிய வழக்காறு முற்றி, எல்லையின் இருபுறமும் பதற்றம் எழுந்தது. குமுளிச் சாலை அடைபட்டது. தோட்டத் தொழிலாளர் பலர் குழந்தைகளைத் தோளில் சுமந்து காட்டுவழியே மலையிறங்கினர். அந்நாட்களில் நடந்தவற்றைவிட நடந்ததாகச் சொல்லப்பட்டவை நூறு மடங்கு. ஒரே ஊரில், ஒரே குரலில், மலையாளத்திலும் தமிழிலும் 'இன்ன சாலை திறந்திருக்கிறது, இன்ன பள்ளி நடக்கிறது, அஞ்ச வேண்டாம்' என்று சொல்லும் ஒருவர் அன்று இல்லை. வதந்திக்கு மருந்து, தெரிந்த குரல் சொல்லும் செய்தியே. கைப்பேசியில் வரும் செய்தியை யார் சொன்னார் என்று தெரிவதில்லை. கல்லூரி வானொலியில் பேசுபவள் பக்கத்து வீட்டு மாணவி.

சட்டம் இதற்கு இடம் தருமா என்றால், தரும். சமுதாய வானொலி தானே அரசியல் செய்தி திரட்டி வாசிக்கலாகாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி அஞ்சல் செய்யலாம். ஆயினும் வானிலை, சாலைப் போக்குவரத்து, மின்சாரம், குடிநீர், தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, திருவிழா, இயற்கைச் சீற்றம் பற்றி உள்ளூர் அதிகாரிகள் தரும் எச்சரிக்கை ஆகியவை செய்தியாகக் கொள்ளப்படுவதில்லை. ஆகவே அவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். நமக்கு வேண்டியவையும் அவையே அல்லவா?

நடத்தும் முறை

நிலையம் தொடங்குவது கலியாணம் செய்வது போல. நடத்துவதோ குடித்தனம் செய்வது போல. தொடக்க விழாவில் அமைச்சர் வருவார், மாலை விழும், படம் எடுப்பர். ஆறு மாதம் கழித்து அறையில் தூசு படிந்திருக்கும். அவ்வாறு ஆகாமல் காப்பதற்கு எனக்குத் தோன்றும் சில வழிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, பொறுப்பு மாற்றம். கல்லூரி வானொலிக்கு உள்ள பெருங்குறை யாதெனில், வேலை கற்றவர் மூன்றாண்டில் போய்விடுவர். நன்றாகப் பேசத் தெரிந்த மாணவன் பட்டம் பெற்றுச் சென்றதும் அவன் நடத்திய நிகழ்ச்சியும் அவனோடு போய்விடும். ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. பணி முடித்துச் செல்பவர் பொறுப்பைப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டு ஒப்படைப்பார்; வருபவர் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டு ஏற்றுக்கொள்வார். அதிகாரி மாறினாலும் எழுத்தர் மாறினாலும் வண்டி நிற்பதில்லை. அதுபோல வானொலி அறையிலும் ஒரு புத்தகம் இருத்தல் வேண்டும். எந்தக் கருவி பழுது, யாரிடம் ஒலிப்பதிவு வாங்கவேண்டியிருக்கிறது, எந்த நேயருக்கு என்ன பதில் சொல்வதாக வாக்களித்தோம் என்பன நாள்தோறும் அதில் எழுதப்பட வேண்டும். மூன்றாமாண்டு மாணவர் ஒவ்வொருவரும் முதலாமாண்டு மாணவர் இருவரைப் பழக்கிவிட்டே வெளியேற வேண்டும். ஊதியம் பெறும் நிலைத்த ஊழியர் ஒருவராவது இருத்தல் அவசியம். இல்லையேல் தேர்வுக் காலத்திலும் கோடை விடுமுறையிலும் நிலையம் ஊமையாகிவிடும். ஜூன் மாதம் மழை தொடங்கும்போதுதான் நமக்கு வானொலி மிகவும் தேவை என்பதை மறக்கலாகாது.

இரண்டாவது, நேரம். கல்லூரி நடக்கும் நேரம் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை. அந்நேரத்தில் நம் மக்கள் ஏலச்செடிகளுக்கிடையே குனிந்துகொண்டிருப்பர். மாணவருக்கு வசதியான நேரத்தில் ஒலிபரப்பினால் சுவர்கள்தாம் கேட்கும். விடியற்காலையில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறுகின்றன. பல ஜீப்புகளில் வானொலிப் பெட்டி உண்டு. ஜீப்பில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் பெண்களே நம் நிலையத்தின் முதல் நேயர்கள். ஆகவே பகலில் ஒலிப்பதிவு செய்து, காலை ஐந்தரை முதல் ஏழரை வரையிலும், மாலை ஆறரை முதல் எட்டரை வரையிலும் ஒலிபரப்புதல் நலம். மாலை நிகழ்ச்சியையே மறுநாட் காலையில் மறு ஒலிபரப்புச் செய்தால் உழைப்பும் மிச்சமாகும். சொன்ன நேரத்துக்குச் சொன்ன நிகழ்ச்சி வரவேண்டும். ஐந்து நிமிடம் தாமதிக்கும் வண்டியைப் பயணி மன்னிப்பான். வருமோ வராதோ என்றிருக்கும் வண்டிக்கு அவன் வரவே மாட்டான்.

மூன்றாவது, குரல். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி தெளிவாக முழங்குகிறது. உடனே பத்துப் பேர் விசாரணைச் சாளரத்துக்கு வந்து, 'ஐயா, இப்போது என்ன சொன்னார்கள்?' என்று கேட்கிறார்கள். காது கேளாமையால் அன்று. சொல்லப்பட்ட வேகமும் எண்களின் நெருக்கமும் மனத்தில் தங்குவதில்லை. பெரியவர் ஒருவர் எதிரே நிற்பதாக எண்ணிக்கொண்டு, 'போடிக்கு வண்டி, மூன்றாம் மேடை' என்று நிறுத்திச் சொன்னால் போதும். மறுபடி கேட்க அவர் வரமாட்டார். வானொலியில் பேசும் பிள்ளைகளுக்கும் இதுவே என் வேண்டுகோள். சென்னைத் தனியார் நிலையத்தாரைப் பார்த்து மூச்சுவிடாமல் ஆங்கிலம் கலந்து பேசுதல் வேண்டா. நம் வீட்டுப் பாட்டிக்குப் புரியுமாறு பேசினால் பேராசிரியருக்கும் புரியும். முக்கியமான தேதியையும் இடத்தையும் இருமுறை சொல்ல வேண்டும்.

நான்காவது, பொருள். திரைப்படப் பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழைத்துக் களைத்தவனுக்குப் பாட்டு ஓர் ஆறுதல். ஆனால் பாட்டுக்குக் கொடைக்கானல் இருக்கிறது, கைப்பேசி இருக்கிறது. பிறர் பாட்டை ஒலிபரப்ப உரிமைக் கட்டணமும் கொடுக்க வேண்டியிருக்கிறது. வேறெவரும் தர இயலாததைத் தருவதே சிறு நிலையத்துக்கு அழகு. ஒலிபரப்பில் பாதிக்குக் குறையாமல் உள்ளூர் மக்களின் பங்கோடு உருவானதாக இருக்கவேண்டும் என்று விதியும் கூறுகிறது. நம் மலையில் பொருளுக்கா பஞ்சம்? ஏலச்செடிக்கு மருந்து தெளிப்பவர் முகத்தை எப்படி மூடவேண்டும், தெளித்த துணியைக் குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைக்கலாகாது ஏன் என்று மருத்துவர் ஒருவர் கால் மணி நேரம் பேசலாம். மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தார் செடிநோய் பற்றிச் சொல்லலாம். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலத்தில் அன்றைய சராசரி விலை என்ன என்று மாலையில் அறிவித்தால், ஒரு ஏக்கர் அரை ஏக்கர் வைத்திருக்கும் நம்மவர் தரகர் சொன்னதே விலை என்று நம்பியிருக்க வேண்டியதில்லை. கல்வி உதவித்தொகைக்கு எந்தத் தேதிக்குள் விண்ணப்பிப்பது, குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க எந்தத் தாள் வேண்டும், தேனி மருத்துவக் கல்லூரிக்கு எந்தப் பேருந்து என்பனவெல்லாம் பிறர்க்கு அற்பம்; நமக்கு ஒரு நாட்கூலி.

2010-ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்தப்பட்ட போடி ரயில், அகலப்பாதையாகி 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அது ஓடத் தொடங்கியபின்னும் அதை அறியாமல் தேனி வரை பேருந்தில் சென்று ரயிலேறிய நம்மவர் சிலரை நான் பார்த்திருக்கிறேன். செய்தி இல்லாமையின் விலை இது.

இன்னொன்றும் உண்டு. நம் லயங்களில் இன்றும் தாலாட்டும் தெம்மாங்கும் நடவுப் பாட்டும் அறிந்த மூதாட்டியர் இருக்கின்றனர். அவர்தம் பேரக்குழந்தைகள் மலையாளப் பள்ளியில் படித்து, தமிழைப் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாமல் வளர்கின்றனர். இதில் குழந்தைகளைக் குறைகூறுவதற்கு ஒன்றுமில்லை. படிக்கும் நாட்டின் மொழியைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் தமிழ்மாணவர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியுடன் பாட்டியின் திண்ணையில் அமர்ந்து, 'ஆத்தா, நீங்க மலைக்கு வந்த கதையைச் சொல்லுங்க' என்று கேட்டு, அதை மாலையில் ஒலிபரப்பினால், அந்தப் பேரன் தன் பாட்டியின் மொழிக்கு மதிப்புண்டு என்று அறிவான். அவ்வொலிப்பதிவைத் தேதியும் பெயரும் எழுதிப் பாதுகாத்தால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் நம் வரலாற்றை எழுதுவோர்க்கு அதுவே ஏடு.

மொழியும் பணமும்

கேரளத்துக் கல்லூரியில் தமிழுக்கு இடம் கிடைக்குமா என்று சிலர் ஐயுறலாம். வயநாட்டில் 2009 முதல் நடந்துவரும் 'மாற்றொலி' சமுதாய வானொலி, மலையாளத்தோடு நில்லாது ஆதிவாசி மக்களின் மொழிகளிலும் நிகழ்ச்சி நடத்தியிருக்கிறது. எழுத்தில்லா மொழிக்கே அங்கு ஒலிவாங்கி கிடைத்தபோது, பல்லாயிரவர் பேசும் தமிழுக்கு இங்கே கிடைக்காதா? நாம் கேட்கும் முறையில் கேட்க வேண்டும். 'எங்களுக்குத் தனி நிலையம் வேண்டும்' என்று கேட்பதைவிட, 'உங்கள் நிலையத்தில் அரை மணி நேரம் நாங்கள் உழைத்து நடத்துகிறோம்' என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. அண்டை வீட்டு மலையாளியும் அதைக் கேட்பார். நம் கஷ்டசுகம் அவருக்கும் விளங்கும்.

இலங்கையின் மலைநாட்டிலும் நமக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நுவரெலியா மாவட்டத்துக் கொத்மலையில் 1989-இல் ஒரு சமுதாய வானொலி தோன்றியது. 1990-களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையுடன் அங்கே ஒரு புது முயற்சி செய்தனர். கணிப்பொறியையே காணாத கிராமத்தார் தம் கேள்விகளை அனுப்புவர். நிலையத்தார் இணையத்தில் தேடி, விடையை எளிய மொழியில் வானொலியில் சொல்வர். இன்று கைப்பேசி உள்ளவர்க்கும் இம்முறை பயன்படும். ஏனெனில் தகவல் மலைபோல் குவிந்திருக்கிறது. எது மெய், எது நமக்குரியது என்று தெரிந்து எடுத்துச் சொல்பவரே தேவை. அவ்வேலைக்குக் கல்லூரி மாணவரைவிடத் தகுதியானவர் யார்?

பணம் பற்றி முன்பே சொன்னேன். 1927-இல் சென்னைக் கழகத்தைக் கொன்றது பணமின்மையே. இன்றைய நிலை அத்துணை மோசமன்று. கருவி வாங்க மத்திய அரசு ஒரு பகுதியை மானியமாகத் தருகிறது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள், உலக வானொலி நாளன்று, அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டின்போது புதிய விதிகள் வெளியாயின. மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரம் 12 நிமிடமாயிற்று. அரசு விளம்பரத்துக்குப் பத்து விநாடிக்கு 52 ரூபாயாக இருந்த கட்டணம் 74 ரூபாயாயிற்று. நிகழ்ச்சிகளை மேற்பார்க்கும் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்பதும் அவ்விதிகளில் ஒன்று. தோட்ட வேலையில் பாதிக்கு மேல் பெண்களின் கைகளே உழைக்கும் நம் பகுதிக்கு இது மிகப் பொருத்தம். குமுளிக் கடைவீதியிலும் கம்பத்துக் கடைவீதியிலும் உள்ள வணிகர் சிலர் சிறு விளம்பரம் தந்தால் மின்கட்டணமும் ஊழியர் சம்பளமும் ஓரளவு ஈடாகும். ஆயினும் விளம்பரதாரர் பணம் தருகிறார் என்பதற்காக, பூச்சிமருந்துக் கடைக்காரர் சொல்வதையெல்லாம் நல்லுரையாக ஒலிபரப்பிவிடலாகாது. நிலையத்தின் முதல் அதன் நாணயமே.

நாம் செய்யவேண்டியவை

இதெல்லாம் பெரியோர் காரியம் என்று இருந்துவிடாமல், நம் சங்கக் குடும்பங்கள் இந்த ஆண்டிலேயே செய்யக்கூடியவை சில உள. பிள்ளைகள் கல்லூரியில் படிக்கும் பெற்றோர், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, 'இக்கல்லூரிக்கு வானொலி நிலையம் வேண்டும், அதற்கு விண்ணப்பிப்பீர்களா?' என்று கேட்கட்டும். பத்துப் பெற்றோர் கேட்டால் அது குறிப்பேட்டில் ஏறும். அனுமதி கிடைக்கும் வரை மாணவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கைப்பேசியே நல்ல ஒலிப்பதிவுக் கருவி. மாதம் இரண்டு நிகழ்ச்சிகள் பதிவு செய்து, நம் சங்கக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டட்டும். பெரியவர்கள் கேட்டு, 'இது புரிந்தது, இது புரியவில்லை' என்று சொல்லட்டும். அலைக்கம்பம் வருமுன்னே பேசப் பழகிய பிள்ளைகளும் கேட்கப் பழகிய நேயர்களும் ஆயத்தமாயிருப்பர். தாய்மார்கள் தமக்குத் தெரிந்த பாட்டையும் மருத்துவத்தையும் கதையையும் சொல்லத் தயங்கலாகாது. ஜீப்பு ஓட்டும் தம்பிமார், வண்டியிலுள்ள வானொலிப் பெட்டியைப் பழுதுபார்த்து வைத்திருந்தால் அதுவும் ஓர் உதவியே. வீட்டுக்கொரு சிறு ரேடியோப் பெட்டியும் மாற்றுப் பாட்டரியும் மழைக்காலத்துக்கு முன் வாங்கிவைத்தல் நலம். புதிய கைப்பேசிகள் சிலவற்றில் பண்பலை கேட்கும் வசதி இல்லை என்பதையும் நினைவிற்கொள்க.

நம் முன்னோர் இம்மலைக்கு வந்தபோது, கங்காணியின் கூவல்தான் அவர்கள் கேட்ட ஒரே அறிவிப்பு. அது வேலைக்கு அழைத்தது, வேறொன்றையும் சொல்லவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பட்டம் படிக்கின்றனர். அவர்கள் படிப்பின் பயன் மாதச் சம்பளத்தோடு முடிந்துவிடலாகாது. மழை வருமா, விலை என்ன, சாலை திறந்ததா, பள்ளி உண்டா என்று தம் ஊருக்கு எடுத்துரைக்கும் குரலாகவும் அவர்கள் விளங்க வேண்டும். இது குறித்து அன்பர்கள் தம் கருத்துகளைச் சங்க முகவரிக்கு எழுதுக. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டுப் பாட்டியையும் ஒரு பாட்டுடன் அழைத்து வாருங்கள். பதிவு செய்யும் பொறுப்பை மாணவர்கள் ஏற்றுக்கொள்ளட்டும்.